ஊர்தி செலுத்தும் கல்வி

(மாகறலில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருஞானசம்பந்தப் பெருமானால் பாடப்பெற்ற பெருமையுடையதும், சேயாற்றின் கரையில் விளங்குவதுமாகிய இம்மாகறலில், உங்கள் முன் நின்று சில சொற்கள் கூறும் வாய்ப்பினை அளித்த சங்கத்தார்க்கு நம் நன்றி உரியதாகுக. தமிழாசிரியன் ஒருவனைப் பேச அழைத்தால், அவன் சங்க நூற்சுவையையோ திருமுறைப் பெருமையையோ எடுத்துரைப்பான் என்று எதிர்பார்த்தல் இயல்பே. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ, மோட்டார் ஊர்திகளைச் செலுத்தும் ஒழுக்கமும் அதற்குரிய கல்வியும் ஆகும். பண்டிதர்க்கும் மோட்டாருக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் வினவலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் வண்டியேறிச் சென்று மாலையில் உயிரோடு வீடு திரும்புதலைக்காட்டிலும் நமக்கு இன்றியமையாத பொருள் வேறு யாது? ஆதலின் இதனைப் பேசுதல் ஆசிரியர்க்கும் கடன், சங்கத்திற்கும் கடன் என்று கருதியே இதனை எடுத்துக்கொண்டோம்.

ஊர்தி செலுத்துதல் நம் முன்னோர்க்குப் புதியதன்று. தேர் செலுத்துவோனை அவர்கள் 'பாகன்' என்றும் 'வலவன்' என்றும் வழங்கினர். வலவன் என்னும் சொற்கு வல்லவன் என்ற பொருளும் உண்டு. வல்லமை பெறாதவன் தேர்த்தட்டில் ஏறுதற்கு உரியனல்லன் என்பதனை அப்பெயரே அறிவுறுத்துகின்றது. அகநானூற்றின் 4 ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகின்றார். அவன் வினை முடித்து இல்லம் நோக்கி விரைகின்றவன். எனினும் சோலையிலே துணையொடு தங்கித் தாதுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலங்குமென்று அஞ்சி, மணிகளின் நாவினைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகின்றான். விரைவு அவனுக்கு வேண்டியதே. ஆயினும் வழியிலுள்ள சிற்றுயிரை அவன் மறந்தானல்லன். இக்காலத்து மருத்துவமனை வாயிலிலும் பள்ளி வாயிலிலும் காது செவிடுபட ஊதுகுழலை அலறச் செய்து செல்வோரை அத்தலைவனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்தி வளர்ந்தது; அதனைச் செலுத்துவோன் வளர்ந்தானில்லை.

இனி நாட்டு நிலையைச் சிறிது நோக்குவோம். 2022 ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துக்கள் 4,61,312. மாண்டோர் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டு வெளியிட்டுள்ளது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 462 உயிர்! அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நாடு முழுவதிலும் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடே. இங்கு நிகழ்ந்த விபத்துக்கள் 64,105. இறந்தோர் 17,884 பேர். கல்வியிலும் கைத்தொழிலிலும் முதன்மை பெற விழையும் நாடு, இதிலும் முதன்மை பெற்று நிற்பது நமக்கு நாணம் தருவதாகும். அவ்வாண்டில் நாடெங்கும் மாண்டவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேற்பட்டோர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாது இறந்தோர் 50,029 பேர். மிகு வேகத்தால் நேர்ந்த இறப்புக்கள் நூற்றுக்கு 71.

இவ்வெண்களை ஏட்டில் எழுதப்பட்ட எண்களாக மட்டும் கொள்ளாதீர்கள். இறந்தோருள் மூன்றில் இரு பங்கினர் 18 வயதிற்கும் 45 வயதிற்கும் இடைப்பட்டவர்கள். அஃதாவது, முதிய பெற்றோரைத் தாங்க வேண்டியவர். மழலை மாறாத மக்களைப் பேண வேண்டியவர். ஒருவன் சாலையில் வீழ்ந்தால் ஒரு குடும்பமே வீழ்கின்றது. தறியில் ஏற்றிய பாவு நடுவே அறுந்தாற்போல் அவ்வீட்டின் வாழ்வு பாதியில் நின்றுவிடுகின்றது. இழையறுந்த பாவினைப் பிணைத்துக்கொள்ளலாம். அறுந்த உயிரைப் பிணைப்பார் யார்?

நம் பகுதியின் நிலை தனியே எண்ணத்தக்கது. நம் தந்தையர் காலத்தில் தறி வீட்டிலேயே இருந்தது. தொழிலுக்கென்று தொலைவு செல்லும் தேவை அவர்க்கு மிகுதியில்லை. பட்டுநூல் வாங்கவும், நெய்த சேலையைச் சேர்ப்பிக்கவும் காஞ்சிமாநகர் சென்று மீண்டனர். இன்றோ ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. மோட்டார் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே பெருந்தொகையாக உருவாகின்றன. நம் இளைஞர் பலர் தறிக்குழியை விட்டு அத்தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, விடியலில் உறக்கம் கண்ணைக் கவ்வ, வண்டியேறி வீடு திரும்புகின்றனர். நாடெங்கும் ஓடும் ஊர்திகள் நம் மாவட்டத்தில் பிறக்கின்றன. அவற்றைச் செலுத்தும் கல்வியோ நம் வீடுகளில் இன்னும் பிறக்கவில்லை.

நம் வகுப்பிலே ஒருநாள் மாணவரை நோக்கி, 'உங்களுள் மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாவர்?' என்று வினவினோம். பெரும்பாலோர் கை உயர்த்தினர். 'உங்களுக்குக் கற்பித்தவர் யார்?' என்றோம். ஒருவன் அண்ணன் என்றான். ஒருவன் நண்பன் என்றான். மற்றொருவன், 'யாரும் கற்பிக்கவில்லை ஐயா, அப்பா உறங்கும்போது எடுத்து ஓட்டினேன்' என்று பெருமையோடு கூறினான். 'உரிமம் பெற்றவர் உண்டோ?' என்று கேட்டபொழுது வகுப்பு சிரித்தது. அவர்கள் எல்லோரும் 18 வயது நிரம்பாதவர்கள். அச்சிரிப்பு நம் நெஞ்சில் நெடுநாள் தங்கிற்று. எழுத்தும் எண்ணும் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமென்று கருதும் நாம், உயிரைக் காக்கும் கல்வியைத் திருட்டுத்தனமாகக் கற்க விட்டிருக்கின்றோம்.

அன்பர்காள்! நம் குலத்தொழிலை எண்ணிப் பாருங்கள். பட்டுத்தறியில் ஒருவனை எடுத்த எடுப்பில் யாரேனும் அமர்த்துவரோ? முதலில் அவன் தார் சுற்றப் பழகுகின்றான். பின்னர் இழை பிணைக்கக் கற்கின்றான். கோர்வைச் சேலை நெய்வார்க்கு அருகிருந்து கரையின் நாடாவை எறிந்து கொடுக்கின்றான். கையும் காலும் கண்ணும் ஒன்றுபட்ட பின்னரே தறியில் அமர்கின்றான். அமர்ந்த பின்பும் மூத்தோன் அருகிருந்து பிழை நோக்குகின்றான். ஏன் இவ்வளவு காவல்? ஒரு சேலை கெட்டால் சில ஆயிரம் ரூபாய் இழப்பு என்பதனால் அன்றோ? சேலைக்கு இத்துணைக் காவல் செய்த நாம், பள்ளியிறுதித் தேர்வில் வென்றான் என்பதற்காகவே மகனுக்கு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுத்து, 'பார்த்துப் போ' என்ற ஒரு சொல்லோடு சாலையில் விட்டுவிடுகின்றோம். 'பார்த்துப் போ' என்பது வாழ்த்து. அது பாடம் ஆகாது. ஊர்தி செலுத்துதலும் நெசவினைப் போல் முறையாகப் பயிலவேண்டிய ஒரு தொழில் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் ஒரே கருத்து.

இதற்கு அயல்நாட்டு வரலாறும் சான்றாகின்றது. 1896 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் மாது மோட்டார் வண்டியால் மோதுண்டு இறந்தார். இங்கிலாந்தில் மோட்டார் காரால் மாண்ட முதல் நடையர் அவரே என்பர். அந்நாட்டில் ஊர்திகள் பெருகப் பெருக இறப்புக்களும் பெருகின. 1934 இல் ஏறக்குறைய 24 இலட்சம் வண்டிகளே ஓடின. ஓராண்டில் இறந்தோரோ 7,343 பேர். அதன்பின் 1935 ஜூன் 1 முதல் புதிதாக வண்டி ஓட்ட வருவோர் தேர்வில் வெல்லுதல் கட்டாயமாக்கப்பட்டது. 2011 இல் அங்கு 3 கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடின. இறந்தோர் 1,901 பேர். நல்ல சாலை, நல்ல வண்டி, விரைந்த மருத்துவம், கண்டிப்பான சட்டம் ஆகிய பலவும் இதற்குக் காரணமாம். எனினும், 'கற்றுத் தேறியவனே சாலைக்கு வருக' என்ற விதி அவற்றுள் ஒன்றாய் நின்றதை நாம் மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குச் செல்லலாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கார் போன்ற வண்டிகளுக்கு 21 நாளுக்குக் குறையாமல் பயிற்சி அளிக்கவேண்டும். அதனுள் 10 மணி நேரமேனும் மாணவன் தன் கையாலேயே ஓட்டவேண்டும். பெரிய வண்டிகளைச் செலுத்துவோர்க்கென்று 1976 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் பயிற்சி அளித்து வந்துள்ளது. விதிகள் இவ்வாறிருக்க, நடைமுறையில் நாம் காண்பது யாது? மோட்டார் சைக்கிள் உரிமத்திற்கு 'எட்டுப் போடுதல்' ஒன்றையே மக்கள் கல்வியென்று கருதுகின்றனர். தரையில் காலூன்றாமல் எட்டு என்னும் எண்ணின் வடிவில் வண்டியைச் சுற்றிக் காட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். எட்டுப் போடுதல் உடலின் சமநிலையைக் காட்டும். உள்ளத்தின் சமநிலையைக் காட்டாது.

அவ்வுள்ளத்தைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பொச்சாவாமை என்பது அதன் பெயர். அது நூலின் 54 ஆம் அதிகாரம். பொச்சாப்பாவது அறியாமையன்று, அறிந்திருந்தும் மகிழ்ச்சியாலோ செருக்காலோ சோர்வுற்று மறத்தல். விபத்து நிகழும் இடத்தை ஆராய்ந்தால் இப்பொச்சாப்பே பெரும்பாலும் அங்கு நிற்கின்றது. வளைவில் முந்துதல் தகாது என்பதனை அறியாதவன் யார்? நண்பர் பின்னே அமர்ந்து ஊக்க, அறிந்ததை மறக்கின்றான். மது உண்டு ஓட்டுதல் குற்றம் என்பதனை அறியாதவன் யார்? திருமணப் பந்தலின் களிப்பில் மறக்கின்றான். ஆகவே ஓட்டுநர் கல்வி என்பது கைக்குக் கற்பிப்பது பாதி. மனத்திற்குக் கற்பிப்பது பாதி.

அக்கல்வியின் பாடங்கள் சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். முதற்பாடம் வேகத்தின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கின்றது. எதிரே குழந்தை ஓடிவருவதைக் கண் கண்டு, அறிவு உணர்ந்து, கால் தடையை மிதிப்பதற்கே ஏறக்குறைய ஒரு நொடி செல்லும். அதுவரை வண்டி சிறிதும் வேகம் குறையாது சென்றுகொண்டிருக்கும். அதன் பின்னரே நிற்கத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்கை நூலார் கண்ட உண்மை. இவ்வூரிலிருந்து காஞ்சிபுரம் சற்றேறக்குறைய 16 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 24 நிமிடம். 60 இல் சென்றால் 16 நிமிடம். நாம் ஈட்டுவது எட்டே நிமிடம். அவ்வெட்டு நிமிடத்திற்கு விலையாக வைப்பது எதனை என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்க.

இரண்டாவது பாடம் இடைவெளி. முன்செல்லும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடந்த பின், நாம் அதனைக் கடக்க இரண்டு நொடியேனும் ஆதல் வேண்டும்; மழைக்காலத்தில் நான்கு நொடி வேண்டும். மூன்றாவது பாடம் கவனம். கைப்பேசியில் வந்த செய்தியை மூன்று நொடி நோக்குவோன், 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பவனே ஆவான். நான்காவது பாடம் தலைக்கவசம். அது மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்கு இறப்பின் இடரை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காயத்தின் இடரை 69 அளவும் குறைக்கும் என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கவசத்தை வண்டியின் கண்ணாடியில் தொங்கவிட்டுச் செல்வோர் கண்ணாடியையே காப்பாற்றுகின்றனர். தாடைவாரை மாட்டாது அணிந்தாலும் பயனில்லை. பின்னமர்வோர்க்கும், நான்கு வயது கடந்த குழந்தைக்கும் கவசம் வேண்டும் என்பது சட்டம். தாய்மார்கள் புடைவைத் தலைப்பினை இடுப்பில் செருகிக்கொள்ளுதல் வேண்டும். சக்கரத்தில் அது சிக்கினால் நேரும் கேட்டினைச் சொல்ல நாவெழாது. ஐந்தாவது பாடம் உறக்கம். கண் சோர்ந்தால் வண்டியை ஓரத்தில் நிறுத்தி உறங்குதலே வீரம். தேநீரும் பாட்டும் உறக்கத்திற்கு மருந்தாகா. இரவுவேலை முடித்து வருவோர் தொழிற்சாலை விடும் பஸ்ஸிலேயே திரும்புதல் சாலச் சிறந்தது.

தேர்த்திருவிழாவில் ஓர் உண்மையை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கின்றனர். முழக்கம் விண்ணைப் பிளக்கின்றது. ஆயினும் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை இடும் சிலருடைய கையிலேயே உள்ளன. வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பதனை இழிவாகக் கூறுகின்றோம். முட்டுக்கட்டை இல்லையேல் தேர் வீதியிலுள்ள வீட்டினுள் புகுந்துவிடும். குடும்பத்திலே மகனுடைய வேகத்திற்கு முட்டுக்கட்டை இடும் தந்தையும், 'மது உண்டாய், சாவியைக் கொடு' என்று கேட்கும் நண்பனும், 'மெதுவாகச் செல்லுங்கள்' என்று பின்னிருந்து கூறும் மனைவியும் தேரைக் காக்கும் அம்மக்களை ஒப்பார்கள். அவர்களை நகையாடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று கூறவேண்டும். திருவாரூரில் மனுநீதிச்சோழன் மகன் தேரூர்ந்து வீதியில் சென்றபொழுது, துள்ளிவந்த பசுங்கன்று சக்கரத்தின்கீழ் அகப்பட்டு மாண்ட வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார். இளவரசன் வேண்டுமென்று கன்றினைக் கொன்றானல்லன். எனினும் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபொழுது, அரசன் 'இது தற்செயல்' என்று கூறித் தன் மகனை விடுவித்தானில்லை. மகன் செய்த பிழையைத் தன் பிழையாகவே கொண்டான். இன்றைய சட்டமும் ஒருவாறு அவ்வழியே செல்கின்றது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உடையவர் குற்றவாளியாகக் கருதப்படுவர். அவர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் நீக்கப்படும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஆனால் திருவாரூரில் இறைவன் எழுந்தருளிக் கன்றினையும் மைந்தனையும் உயிர்ப்பித்தான். நம் சாலைகளில் அவ்வற்புதத்தை எதிர்பார்த்திருத்தல் இயலாது. மணி ஒலித்தபின் வழங்கும் நீதியினும், கன்று துள்ளுமுன் கற்பிக்கும் கல்வியே நமக்கு வேண்டுவது.

விபத்து நேர்ந்தவிடத்து நம் கடமை யாது என்பதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. வீழ்ந்தவனைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தலும் படம் பிடித்தலும் மனிதப் பண்பல்ல. 108 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். 'உதவினால் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேரும்' என்ற அச்சம் இனி வேண்டா. உதவிசெய்வோரைத் துன்புறுத்தலாகாது என்று 2016 இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை உறுதிசெய்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்க்குச் சட்டக் காப்பும் அளித்தது. விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2021 டிசம்பர் 18 இல், நமக்கு அணித்தாகிய மேல்மருவத்தூரிலேயே தொடங்கிற்று. பணமில்லை என்று ஒருவனைச் சாலையில் கிடத்திவைக்க இனிக் காரணமில்லை.

முடிவாக, நம் சங்கத்தார்க்குச் சில விண்ணப்பங்கள். ஆண்டுதோறும் தேர்வில் சிறந்த மாணவர்க்குப் பரிசளிக்கின்றோம்; அதனோடு 18 வயது நிரம்பிய நம் ஏழை இளைஞர், பெண்கள் ஆகியோர்க்குத் தக்க பயிற்சிப் பள்ளியில் கட்டணம் செலுத்திக் கற்பிக்க ஒரு சிறு நிதி வகுத்தல் வேண்டும். திருமணங்களில் மணமகனுக்கு வண்டியை வரிசையாகக் கேட்பதும் கொடுப்பதும் தகாத வழக்கம். அதனை ஒழித்தல் வேண்டும். தம் விருப்பத்தால் பரிசளிக்க விழைவோர் நல்ல தலைக்கவசம் இரண்டினை மணமக்கட்கு அளிப்பாராக. ஓட்டுதலைத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனையும், இளைஞர்க்கு முதலுதவிப் பயிற்சியும் சங்கத்தின் வாயிலாக நடைபெறுமாக. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

நம் முன்னோர் இழையோடு இழை சேர்த்துக் காஞ்சியின் பெயரை உலகெங்கும் பரப்பினர். அவர்கள் பொறுமையைக் கற்றனர். பொறுமையாலேயே பெருமை பெற்றனர். அப்பொறுமையினைத் தறியோடு விட்டுவிடாது, சாலைக்கும் கொண்டு செல்வோமாக. ஒவ்வொரு வீட்டிலும் மாலை விளக்கேற்றும்பொழுது, காலையில் சென்றவர் யாவரும் மீண்டு வந்து சேர்ந்திருப்பாராக! திருமாகறலீசர் திருவருள் அதற்குத் துணைபுரிக!